சேதாரம்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
கதவுக்குப் பக்கத்து இடம் என்னுடையது.
காற்றுக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
கழிப்பறைக்குப் பதினாறு எட்டு.
தும்மல் வந்தால் பதினாறும் வீண்.

மூன்றாவது பிரசவம், பெரியாஸ்பத்திரி,
இருபத்தேழு மணி நேரம் முக்கினேன்.
பிள்ளை முழுசாக வந்தான்.
இப்போது ஏழாவது படிக்கிறான், கணக்கில் புலி.
எனக்குத்தான் குழாயில் ஒரு வாஷர் தேய்ந்துபோயிற்று.

காலையில் அரை டம்ளர் காபி. அதோடு சரி.
சாயங்காலம் ஆறரை வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும்.
கட்டுவதெல்லாம் கருநீலம், காப்பிக்கொட்டை நிறம்.
ஆசிட் வாடைக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்,
நான் மனசுக்குள் அதற்கொரு கும்பிடு போடுவேன்.
ஜெயக்கொடி கதை சொல்ல ஆரம்பித்தால்
காலைப் பின்னிக்கொண்டு உதட்டைக் கடிப்பேன்.
சிரிக்காதவள், கர்வக்காரி என்று பெயர்.

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார்:
இறுக்கிப் பிடி, பத்து எண்ணு, விடு.
கண்ணிக்கு ஒரு முறை செய்கிறேன்.
ஒரு ஜோடி முடிவதற்குள் எத்தனை பத்து!
அதைக் காலில் போட்டு நடக்கப்போகிறவளுக்கு
இது தெரிய வேண்டியதில்லை.

டயப்பர் வாங்குவது அம்மாபேட்டையில்,
தெரிந்த முகம் இல்லாத மெடிக்கலில்.
"மாமியாருக்கு" என்பேன்.
மாமியார் செத்து நாலு வருஷம்.
போன வாரம் கடைப்பையன் கேட்டான்,
"அவங்களுக்கு இப்ப தேவலையாக்கா?"
"எழுந்து நடக்கறாங்க" என்றேன்.

தீபாவளி ஆர்டர் நேரம். மேஸ்திரி கோகுலன்
ஒரு நோட்டுப் போட்டான்:
பெயர், போன நேரம், வந்த நேரம்.
ஒரே நாளில் என் பெயர் ஒன்பது தடவை.
அந்த வாரம் பார்த்துத் தராசில்
முப்பத்தெட்டு கிராம் குறைந்தது.

திருடி என்று யாரும் சொல்லவில்லை.
"புடவைக்குள்ள என்னமோ சரசரங்குதே" என்றான், அவ்வளவுதான்.
இருபது குறடும் ஒன்றாக நின்றன.
அப்போதுகூட, பாருங்கள், போலீஸ் நினைப்பே வரவில்லை.
பின்பக்கம் ஈரம் தெரிகிறதா என்றுதான்
கை தானாகப் போய்ப் பார்த்தது.

ரெஹானாவைச் சோதிக்கச் சொன்னார்கள்.
மெருகு போடும் அறை. கதவைச் சாத்தினாள்.
நானே விலக்கிக் காட்டினேன்.
பார்த்தாள். பிறகு பார்க்காதவள் மாதிரி
என் கொசுவத்தை எடுத்து ஒழுங்காகச் செருகிவிட்டாள்.
வெளியே போய், "ஒண்ணுமில்ல."
"அப்ப அந்தச் சத்தம்?"
"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல."

மூன்றாம் நாள் கைகழுவும் தொட்டியின் வண்டலில்
வெள்ளி கிடைத்தது. கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.
முதலாளி கூப்பிட்டார். இரக்கமாகத்தான் பேசினார்.
"உடம்பு சரியில்லயாமே.
வீட்டுலயே கோத்துக் குடும்மா.
கூலி கொஞ்சம் கம்மியா வரும். உனக்கும் வசதி."

யாமே.
அந்த இரண்டெழுத்து எங்கிருந்து வந்தது?
ரெஹானாவா? இருக்காது. இருக்குமோ?
திங்கட்கிழமை சலங்கைப் பக்கம் சிரித்தார்களே,
அது வேறு எதற்கோவா?

அராவும்போது சிந்தும், உருக்கும்போது போகும் என்று
நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கெழுதி
வெள்ளிக்குச் சேதாரம் ஒதுக்குகிற மனுஷர்.
கேட்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு:
"என் வேலைல குறை இருக்குதுங்களா?"
"சேச்சே."
"அப்ப இங்கயே உக்காந்துக்கறேன்."

மறுநாள் புது நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
நாலாவதாக ஒரு கட்டம்: காரணம்.
பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து
கோகுலன் பார்க்கப் பாதி குடித்தேன்.
மேட்டூர்த் தண்ணீருக்கு இத்தனை ருசியா,
எத்தனை வருஷமாயிற்று.

பத்து நாற்பதுக்குப் போனேன்.
பத்து நாற்பத்தைந்துக்கு வந்தேன்.
இரண்டையும் என் கையாலேயே எழுதி
நாலாவது கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு
குறடை எடுத்தேன்.
முப்பதாவது கண்ணியில் நிறுத்தியிருந்தேன்.
இறுக்கிப் பிடி. ஒன்று, இரண்டு.